மதிலுக்கு வெளியே விடப்பட்ட ஹாம்பர்க்

ஹாம்பர்க் மத்திய ரயில் நிலையத்தின் கிழக்கு வாசலில் வெளியேறிச் சாலையைக் கடந்து சில நிமிடங்கள் நடந்தால், லாங்கே ரைஹே என்ற தெரு வந்துவிடும். ‘நீண்ட வரிசை’ என்று பொருள்படும் அந்தத் தெருவில் காபிக் கடைகள், உணவகங்கள், மருந்துக்கடைகள், பார்கள் எல்லாம் அடுத்தடுத்து நெருங்கி நிற்க, பல கதவுகளில் வானவில் கொடி ஒட்டப்பட்டிருக்கும். அங்கிருந்து மேற்கே சுமார் மூன்று கிலோமீட்டர் தொலைவில், எல்பே ஆற்றுத் துறைக்கு மேலே, உலகப் புகழ்பெற்ற ரேப்பர்பான் சாலையும் அதிலிருந்து கிளை பிரியும் சிறு தெருக்களும் இருக்கின்றன. தன்பாலீர்ப்புடையவர்களுக்கான ஹாம்பர்க் வழிகாட்டி எதை எடுத்தாலும் அதில் இந்த இரண்டு பகுதிகளின் பெயர்தான் முதலில் வரும்: ரயில் நிலையத்தை ஒட்டிய சாங்க்ட் கெயோர்க், துறைமுகத்தை ஒட்டிய சாங்க்ட் பவுலி. எங்கே குடிக்கலாம், எங்கே ஆடலாம், எங்கே தங்கலாம் என்பதை அந்த வழிகாட்டிகள் நன்றாகவே சொல்லிவிடுகின்றன. பதினெட்டு லட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள் வாழும் ஒரு மாநகரில் ஏன் குறிப்பாக இந்த இரண்டு இடங்கள் என்ற கேள்விக்கு விடை தேட வேண்டுமானால், அந்நகரைச் சுற்றி ஒருகாலத்தில் நின்ற மதிலிடம்தான் போக வேண்டியிருக்கிறது.

அந்த மதிலுக்குக் கிழக்கே ஒரு வாசல், மேற்கே ஒரு வாசல். கிழக்கு வாசலின் பெயர் ஷ்டைன்டோர்; மேற்கு வாசலின் பெயர் மில்லர்ன்டோர். கிழக்கு வாசலுக்கு அப்பால், 1200ஆம் ஆண்டை ஒட்டிய காலத்தில், தொழுநோயாளிகளுக்கான விடுதி ஒன்று எழுப்பப்பட்டு, புனித ஜார்ஜின் பெயர் அதற்கு இடப்பட்டது. நகரத்துக்குள் இருக்கக் கூடாது என்று நகரத்தார் கருதியவை எல்லாம் பிற்பாடு அதே திசையில் தள்ளப்பட்டன: தூக்குமரம், பன்றிக் கொட்டில், ஏழைகளின் இடுகாடு. இன்றைய மத்திய ரயில் நிலையம்கூட 1906இல் அந்தப் பழைய அரண் இருந்த நிலத்தில்தான் திறக்கப்பட்டது. மேற்கு வாசலுக்கு அப்பாலும் இதே கதைதான். கொள்ளைநோய் கண்டவர்களுக்கான விடுதி அங்கே 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கட்டப்பட்டது. கப்பல்களுக்குக் கயிறு திரிப்பவர்களுக்கு நேரான, மிக நீளமான தரை வேண்டியிருந்ததால் அவர்களும் மதிலுக்கு வெளியே வந்து சேர்ந்தார்கள். ‘ரேப்’ என்றால் அந்த வட்டார ஜெர்மனில் கயிறு; ‘பான்’ என்றால் தடம். இன்று இரவெல்லாம் விளக்கெரியும் ரேப்பர்பான், கயிறு திரித்தவர்கள் நடந்து நடந்து தேய்த்த தடம்.

மாலையில் மதில் வாசல்களை அடைத்துவிடும் வழக்கம் 1860ஆம் ஆண்டின் கடைசி நாள் வரை நீடித்தது. பிற்காலத்தில் கட்டணம் செலுத்தினால் இரவிலும் உள்ளே போக முடிந்தது என்றாலும், இருட்டிய பிறகு நகரத்துக்குள் நுழைய முடியாதவர்களும் நுழைய விரும்பாதவர்களும் வெளியிலேயே தங்கினார்கள். கப்பலில் இருந்து இறங்கிய மாலுமிகளும், நாடகக் கொட்டகைக்காரர்களும், கழைக்கூத்தாடிகளும், உடலை விற்றுப் பிழைத்த பெண்களும் அங்கேதான் இருந்தார்கள். நகரம் தன் கண்காணிப்பை மதிலோடு நிறுத்திக்கொண்ட இடத்தில் இரவு வாழ்க்கை தொடங்கியது. ஆண் ஆணைத் தேடுவதற்கும் பெண் பெண்ணைத் தேடுவதற்கும் இடம் தேவைப்பட்டபோது, ஏற்கெனவே ஒதுக்கப்பட்டிருந்த அந்த மண்தான் அவர்களுக்கும் இடம் கொடுத்தது. இன்று சுற்றுலா வரைபடத்தில் வானவில் நிறம் பூசப்பட்டிருக்கும் இரண்டு பகுதிகளும் இப்படிப் பல நூற்றாண்டுகளாக விலக்கிவைக்கப்பட்டு உருவானவை என்பது என் துணிபு.

சாங்க்ட் பவுலியில் மேலும் ஒரு எல்லை இருந்தது. அதன் மேற்கு விளிம்பில் ஓடும் குரோசே ஃப்ரைஹைட் என்ற தெருவின் பெயருக்குப் ‘பெரிய சுதந்திரம்’ என்று பொருள். அந்தத் தெரு ஹாம்பர்க்குக்குச் சொந்தமாக இருக்கவில்லை. ஆல்டோனா என்ற பக்கத்து ஊரைச் சேர்ந்தது. ஹாம்பர்க்கில் லூத்தரன் திருச்சபையைச் சேராதவர்களுக்கு வழிபாட்டு உரிமை மறுக்கப்பட்டிருந்த காலத்தில், அங்கே கத்தோலிக்கர் முதலானோர் வெளிப்படையாக வழிபடவும், யார் எந்தத் தொழிலைச் செய்யலாம் என்று வரையறுத்த கைவினைக் குழுக்களின் கட்டுப்பாடு இல்லாமல் கைவினைஞர்கள் தொழில் செய்யவும் அனுமதி தரப்பட்டது. தெருப் பெயரில் இருக்கும் சுதந்திரம் அதுதான். கேளிக்கைக்கும் அதற்கும் தொடக்கத்தில் தொடர்பே இல்லை. கேளிக்கை அரங்குகளின் மின்விளக்குகளுக்கு நடுவே புனித யோசேப்பு ஆலயத்தின் முகப்பு இன்றும் அதே தெருவில் நிற்பதைப் பார்த்து வியக்கும் பயணிகள் பலர். வரிசைப்படி பார்த்தால் ஆலயம்தான் அங்கே முதலில் வந்தது.

ஆனால் இடம் கிடைத்ததால் பாதுகாப்பும் கிடைத்துவிட்டது என்று எண்ணிவிடக் கூடாது. ஜெர்மன் பேரரசு உருவான 1871இல் இயற்றப்பட்ட குற்றவியல் சட்டத்தின் 175ஆம் பிரிவு, ஆண்களுக்கிடையிலான உறவைச் சிறைத் தண்டனைக்குரிய குற்றமாக்கியது. நாஜிகள் 1935இல் அதை இன்னும் கடுமையாக்கினார்கள். ஹாம்பர்க்கின் தென்கிழக்கு ஓரத்தில் இருந்த நோயன்காமே வதைமுகாமில், தன்பாலீர்ப்பாளர் என்பதற்கு அடையாளமாகச் சட்டையில் இளஞ்சிவப்பு முக்கோணம் தைக்கப்பட்ட கைதிகள் அடைக்கப்பட்டார்கள். அவர்களுக்கான நினைவுக் கல் அங்கே 1985இல்தான் வைக்கப்பட்டது. முகாம் முடிந்து நாற்பது ஆண்டுகள் கழித்து, அதையும் தன்பாலீர்ப்பு ஆர்வலர்களே முன்னின்று வைத்தார்கள். நகரத்தின் நடைபாதைகளில் நடக்கும்போது காலடியில் உள்ளங்கை அளவுப் பித்தளைத் தகடுகள் பளிச்சிடும். கொல்லப்பட்டவர்கள் கடைசியாக வாழ்ந்த வீட்டு வாசலில் அவர்கள் பெயர், பிறந்த ஆண்டு, இறந்த இடம் ஆகியவை பொறித்துப் பதிக்கப்பட்டவை அவை. அவற்றுள் நூற்றுக்கணக்கானவை இந்த 175ஆம் பிரிவால் அழிந்த ஆண்களுக்கு உரியவை. பாருக்குப் போகும் வழியில் அவற்றுள் ஒன்றையாவது நின்று படிக்காமல் போகிறவர் அந்த ஊரைப் பாதிதான் பார்க்கிறார்.

போர் முடிந்த பிறகு விடுதலை வந்திருக்க வேண்டும். வரவில்லை. நாஜிகள் திருத்தி எழுதிய 175ஆம் பிரிவை மேற்கு ஜெர்மனி ஓர் எழுத்துகூட மாற்றாமல் வைத்துக்கொண்டது. 1951இல் ஹாம்பர்க் மாவட்ட நீதிமன்றம் ஒன்று, இந்தப் பிரிவின் கீழ் வந்த இரண்டு ஆண்களைச் சிறைக்கு அனுப்ப மனமில்லாமல் ஆளுக்கு மூன்று மார்க் அபராதம் மட்டும் விதித்தது. சட்டத்தை மீறாமலே சட்டத்தின் முகத்தில் அறைந்த தீர்ப்பு அது. ஆனால் அந்த வழியில் மற்ற நீதிமன்றங்கள் நடக்கவில்லை. அதே ஹாம்பர்க்கில் தண்டிக்கப்பட்ட இருவர் அரசியலமைப்பு நீதிமன்றம் வரை வழக்கைக் கொண்டுபோனபோது, அந்தப் பிரிவு செல்லும் என்று 1957 மே மாதம் தீர்ப்பாயிற்று. 1949 முதல் 1969 வரை மேற்கு ஜெர்மனியில் சுமார் 50,000 பேர் இதன்கீழ் தண்டனை பெற்றார்கள். 1969இல் இருபத்தொரு வயது நிறைந்த ஆண்களுக்கிடையிலான உறவு குற்றப் பட்டியலில் இருந்து நீங்கியது. 1973இல் அந்த வயது பதினெட்டாகக் குறைந்தது. பிரிவு முற்றாக ஒழிந்தது 1994இல். தண்டிக்கப்பட்டவர்களின் தீர்ப்புகளை ரத்துசெய்து இழப்பீடு வழங்கும் சட்டம் 2017இல் வந்தபோது, அதைப் பெறவேண்டியவர்களில் பெரும்பாலானோர் உயிரோடு இல்லை.

இந்தச் சட்ட வரலாற்றைத் தெரிந்துகொண்டால்தான் அங்குள்ள பழைய பார்களின் கட்டட அமைப்பே புரியும். சில பார்களில் தெருவைப் பார்த்த சன்னல் இருக்காது. இருந்தாலும் திரை போட்டு மறைத்திருக்கும். கதவு பூட்டியிருக்கும். அழைப்பு மணியை அழுத்தினால் உள்ளிருந்து ஒருவர் முகம் பார்த்துவிட்டுத்தான் திறப்பார். புதிதாகப் போகும் பயணி இதைக் கண்டு, தனக்கு அனுமதி இல்லையோ என்று தயங்கித் திரும்பிவிடுவதுண்டு. தயங்க வேண்டியதில்லை. காவல்துறைச் சோதனைக்கும், வெளியே காத்திருந்து அடிப்பவர்களுக்கும் அஞ்சிய தலைமுறை தன் வாடிக்கையாளர்களைக் காப்பதற்காக வைத்த மணி அது; பழக்கத்தால் சில இடங்களில் தங்கிவிட்டது.

சட்டம் தளர்ந்த 1970களில் சாங்க்ட் கெயோர்க்கின் புல்வர்டைஹ் தெரு இந்த வாழ்க்கையின் மையமாயிற்று. பெண்வேடக் கலைஞர்கள் ஆடிப் பாடும் புல்வர்ஃபாஸ் என்ற அரங்கம் 1973இல் அங்கே தொடங்கியது. பிற்பாடு அது ரேப்பர்பானுக்கு இடம் மாறியது. டாம் ஆஃப் ஃபின்லாந்து என்ற பெயரில் மாலுமிகளையும் தோலாடை அணிந்த ஆண்களையும் வரைந்து புகழ்பெற்ற ஃபின்லாந்து ஓவியர் டோவ்கோ லாக்சோனன் தம் முதல் கண்காட்சியை நடத்தியதும் அதே 1973இல், இதே ஹாம்பர்க்கில்தான். காட்சிக்கு வைத்த ஓவியங்களில் ஒன்றைத் தவிர மற்றவை எல்லாம் களவு போய்விட்டன. துறைமுக ஊரும் மாலுமி உருவமும் தன்பாலீர்ப்பு ஆண்களின் கற்பனையில் எவ்வளவு ஆழமாகப் பதிந்திருந்தன என்பதற்கு அந்தக் கண்காட்சி ஒரு சான்று.

ஆனால் தளர்ந்த சட்டத்துக்குப் பின்னாலும் கண்காணிப்பு தொடர்ந்தது. ஹாம்பர்க்கின் பொதுக் கழிப்பறைகள் சிலவற்றில், கைகழுவும் இடத்துக்கு மேலே சுவரில் பதித்த கண்ணாடிகள் இருந்தன. முன்னால் நின்று தலை வாரிக்கொள்பவருக்குத் தன் முகம் தெரியும். பின்னால் இருட்டறையில் உட்கார்ந்திருக்கும் காவலருக்கு அந்த அறை முழுவதும் தெரியும். ஒருபுறம் கண்ணாடியாகவும் மறுபுறம் சன்னலாகவும் இருந்த அந்தப் பலகைக்குப் பின்னால் அமர்ந்து, அங்கே சந்தித்துக்கொண்ட ஆண்களைக் காவல்துறை பல ஆண்டுகளாக வேவு பார்த்தது. அப்படிச் சிக்கியவர்களின் பெயர்கள் பதிவேடுகளில் ஏறின. அவை ‘இளஞ்சிவப்புப் பட்டியல்’ என்று அழைக்கப்பட்டன. 1980 ஜூன் மாத இறுதியில் ஹாம்பர்க்கில் தன்பாலீர்ப்பாளர்களின் பெரிய ஊர்வலம் நடந்தது. காவல்துறையோடு மோதலும் மூண்டது. அதற்குச் சில நாட்களுக்குள், நாடகக்காரரும் அவ்வாண்டு பசுமைக் கட்சியின் சார்பில் நாடாளுமன்றத் தேர்தலில் நின்றவருமான கோர்னி லிட்மான், பத்திரிகையாளர்களை உடன் அழைத்துப்போய், அப்படிப்பட்ட ஒரு கண்ணாடியைச் சுத்தியலால் உடைத்தார். கண்ணாடிக்குப் பின்னால் இருந்த அறை எல்லோர் கண்ணுக்கும் தெரிந்தது. நகர அரசு மறுக்க வழியில்லாமல் போயிற்று; கண்ணாடிகள் அகற்றப்பட்டன. ஹாம்பர்க்கின் இரவைப் பற்றி ஒரே ஒரு நிகழ்ச்சியைத்தான் சொல்லலாம் என்றால் இதைத்தான் சொல்வேன்.

இதற்குப் பிறகு வந்த மாற்றம் சன்னல்களில் தெரிந்தது. லாங்கே ரைஹேயில் இருக்கும் கஃபே க்னோசா, கேக்குகளுக்குப் பெயர்போன கடை. தெருவை நோக்கிய அதன் பெரிய கண்ணாடிச் சன்னலுக்கு உட்புறம் இரண்டு ஆண்கள் கைகோத்து அமர்ந்து பிற்பகல் காபி குடிப்பதைத் தெருவில் போகிற யாரும் பார்க்கலாம். இன்றைக்கு இது ஒரு செய்தியே அல்ல. ஆனால் மணியடித்து நுழையும் பாருக்கும், வேவுக் கண்ணாடிக்கும் பழகியிருந்தவர்களுக்கு, ஒளிக்காத ஒரு சன்னலோரத்தில் உட்காருவது எத்தனை பெரிய துணிச்சலாக இருந்திருக்கும் என்று எண்ணிப் பார்க்க வேண்டும். 1983இல் வின்டர்ஹூடே பகுதியில் மாக்னுஸ் ஹிர்ஷ்ஃபெல்ட் மையம் திறக்கப்பட்டது. பெர்லினில் பாலியல் ஆய்வுக்கும் தன்பாலீர்ப்பாளர் உரிமைக்கும் முன்னோடியாக இருந்து, நாஜிகளால் நாடு திரும்ப முடியாமல் போன மருத்துவரின் பெயர் அதற்கு இடப்பட்டது. குடிக்கவோ ஆடவோ விரும்பாதவர்களுக்கும் பேசவும் ஆலோசனை பெறவும் அது இடமானது.

பிறகு எய்ட்ஸ் வந்தது. சாங்க்ட் கெயோர்க்கின் மும்மை ஆலயம் தொழுநோய் விடுதியின் தேவாலயத்து மரபில் வந்தது. எய்ட்ஸ் நோயாளிகளுக்கும் அவர்களது துணைவர்களுக்கும் ஆன்மிக ஆதரவு தரும் தனிப்பணி 1990களில் அங்கே தொடங்கியது. பெற்றோர் ஈமச்சடங்குக்குக்கூட வர மறுத்தவர்களுக்கு அந்த ஆலயம் வழிபாடு நடத்தியது. ஆலயத்தின் வெளியே தரையில் பாவிய கற்களில் இறந்தவர்களின் பெயர்கள் வெட்டப்பட்டிருக்கின்றன. குனிந்து படித்தால் பல கற்களில் முதற்பெயர் மட்டுமே இருப்பது தெரியும். தொழுநோயாளிகளுக்காக எண்ணூறு ஆண்டுகளுக்கு முன் ஒதுக்கப்பட்ட அதே மண்ணில் இந்தப் பெயர்கள் பதிந்திருப்பதைத் தற்செயல் என்று என்னால் கடந்துபோக முடியவில்லை. சாங்க்ட் பவுலியில் 1998இல் திறக்கப்பட்ட லாய்ஷ்ட்ஃபோயர் அமைப்பின் இறுதிக்காலப் பராமரிப்பு இல்லமும் எய்ட்ஸ் நோயாளிகளை மனத்தில் வைத்துத் தொடங்கியதுதான். அந்தப் பெயருக்குக் கலங்கரை விளக்கின் ஒளி என்று பொருள்.

அரசியலில் நிகழ்ந்தவற்றைச் சுருக்கமாகச் சொன்னால் போதும். தன்பால் இணையர் தங்கள் உறவைப் பதிவுசெய்துகொள்ளும் முறையை 1999இல் ஜெர்மனியில் முதன்முதலாகக் கொண்டுவந்தது ஹாம்பர்க்தான்; சட்டப்படி அதற்குப் பெரிய வலு இல்லாவிட்டாலும் ‘ஹாம்பர்க் திருமணம்’ என்ற பெயர் அதற்கு நிலைத்தது. நாடு தழுவிய பதிவு முறை 2001 ஆகஸ்டிலும் முழுமையான திருமண உரிமை 2017 அக்டோபரிலும் நடைமுறைக்கு வந்தன. இடையில் 2003 ஆகஸ்டில், அப்போதைய மேயர் ஓலே ஃபொன் பாய்ஸ்ட், தம் அந்தரங்க வாழ்க்கையை வெளியிடுவதாக மிரட்டினார் என்று சொல்லித் தம் அமைச்சரவையின் உள்துறைப் பொறுப்பாளர் ரோனால்ட் ஷில்லைப் பதவி நீக்கம் செய்தார். அடுத்த பிப்ரவரியில் நடந்த தேர்தலில் மேயரின் பழமைவாதக் கட்சிக்கு ஹாம்பர்க் மக்கள் தனிப் பெரும்பான்மை கொடுத்தார்கள். ஒருவரை அழிக்க அதுவரை போதுமாக இருந்த அந்த ஆயுதம் இந்த ஊரில் மழுங்கிப்போனது எல்லோருக்கும் தெரிந்தது.

சாங்க்ட் பவுலியை மாற்றியது சட்டத்தைவிட அதிகமாகக் கப்பல் தொழில்தான் என்று சொல்லலாம். சரக்கை மூட்டை மூட்டையாகத் தோளில் இறக்கிய காலத்தில் ஒரு கப்பல் துறையில் நாள்கணக்கில், சில வேளை வாரக்கணக்கில் நிற்கும். மாலுமிகள் கையில் சம்பளத்தோடு ரேப்பர்பானுக்கு ஏறி வருவார்கள். 1960களின் இறுதியில் கன்டெய்னர் முறை வந்ததும், கப்பல் வந்த வேகத்தில் திரும்பத் தொடங்கியது. மாலுமி இல்லாத துறைமுகத் தெரு நலிந்தது. 1988 ஆகஸ்ட் 8ஆம் நாள், கண்ணாடி உடைத்த அதே லிட்மான் தம் கூட்டாளிகளோடு ஷ்பீல்பூடன்பிளாட்ஸ் சதுக்கத்தில் ஷ்மிட் தியேட்டரைத் திறந்தார். நையாண்டியும் பாட்டும் பெண்வேடமும் கலந்த அந்த மேடை, மாலுமிகளின் இடத்தில் நாடகம் பார்க்க வரும் குடும்பங்களையும் சுற்றுலாப் பயணிகளையும் கொண்டுவந்து நிறுத்தியது. அவரே பின்னாளில், 2002 இறுதி முதல் 2010 வரை, சாங்க்ட் பவுலி கால்பந்துக் கழகத்தின் தலைவராகவும் இருந்தார். பழைய மேற்கு வாசலின் பெயரைத் தாங்கிய மில்லர்ன்டோர் மைதானத்தில் வானவில் கொடி பறப்பதற்கும் இந்த வரலாற்றுக்கும் நேரடித் தொடர்பு உண்டு. குரோசே ஃப்ரைஹைட்டில் பல பார்களை நடத்தும் ஒலிவியா ஜோன்ஸ் என்ற பெண்வேடக் கலைஞர், குடியரசுத் தலைவரைத் தேர்ந்தெடுக்கும் பேரவையில் 2017இல் வாக்களித்தவர்.

இந்தப் புகழுக்கு ஒரு விலையும் உண்டு. வார இறுதிகளில் குரோசே ஃப்ரைஹைட்டில் பெண்வேடக் கலைஞர்களைப் பார்க்கக் கூட்டம் கூட்டமாக வருபவர்கள் பெரும்பாலும் தன்பாலீர்ப்பாளர் அல்லர். மணவிழாவுக்கு முந்தைய கொண்டாட்டத்துக்கு வந்த இளைஞர் குழுக்களே அதிகம். வரவேற்பு நல்லதுதான். ஆனால் தம்மைப் போன்றவர்களோடு இருக்க வேண்டும் என்று வருபவர், அந்தத் தெருவை விட்டு டால்ஸ்ட்ராசே போன்ற பக்கத்துச் சந்துகளுக்குத்தான் போக வேண்டியிருக்கிறது. சிவப்பு விளக்கொளியில் ஜெர்மன் மெல்லிசை ஒலிக்கும் வுண்டர்பார் டால்ஸ்ட்ராசேயில்தான் இருக்கிறது. சாங்க்ட் கெயோர்க்கின் சிக்கல் வேறு. ரயில் நிலையத்துக்கு அருகில் என்பதாலேயே வெறுக்கப்பட்ட பகுதி, அதே காரணத்தால் பின்னர் எல்லோரும் விரும்பும் பகுதியாயிற்று, வாடகை ஏறியது. குடியிருப்போரைக் காக்க 2012இல் நகர அரசு சிறப்பு விதி கொண்டுவந்தாலும், அது கடைகளின் வாடகையைத் தடுக்காது. கைபேசிச் செயலிகளில் துணை தேடும் வழக்கம் பெருகியதும் சேர்ந்துகொள்ள, பழைய பார்கள் பல மூடப்பட்டுவிட்டன. ஒரு பார் மூடப்படும்போது, தனியாக வந்து, அறிமுகம் இல்லாத ஒருவரின் அருகில் அமர்ந்து, ஒன்றும் கேட்காமலே ஏற்றுக்கொள்ளப்படும் வாய்ப்பும் போய்விடுகிறது. அதை எந்தச் செயலியும் தருவதாக எனக்குத் தெரியவில்லை.

பயணமாகப் போகிறவர்களுக்குத் தேவையான சில விவரங்களையும் இங்கேயே சொல்லிவிடலாம். விமான நிலையத்தில் இருந்து எஸ்1 ரயிலில் ஏறினால் அரை மணி நேரத்துக்குள் மத்திய ரயில் நிலையம்; அங்கிருந்து ரேப்பர்பான் நிலையமும் ஒரே ரயிலில் சில நிமிடத் தொலைவுதான். வெள்ளி, சனி இரவுகளில் நகர ரயில்கள் விடியும்வரை ஓடுகின்றன. பகலில் லாங்கே ரைஹேயில் காபி, முன்னிரவில் அதே தெருவில் மரப்பலகை பதித்த எம் அண்ட் ஃபவ் போன்ற அமைதியான பார்கள், நள்ளிரவுக்கு மேல் சாங்க்ட் பவுலி என்பதே உள்ளூர்க்காரர்கள் பலரின் வழக்கம். பத்து மணிக்கு ஆட்டக் கூடத்துக்குப் போகிறவர் வெறும் தரையைத்தான் பார்ப்பார். எல்லா இடங்களிலும் அட்டை ஏற்பார்கள் என்று நம்பாமல் கையில் ரொக்கம் வைத்துக்கொள்வது நல்லது. ரேப்பர்பானில் ஆயுதங்களுக்கு 2007 முதல் தடை இருக்கிறது. வார இறுதி இரவுகளில் கண்ணாடிப் புட்டி கொண்டுபோகவும் தடை உண்டு. பார்களுக்குள் மற்றவர்களைப் படம் பிடிப்பது பெரிய மரியாதைக் குறைவு. வேவுக் கண்ணாடிகளின் கதையை அறிந்தவர்களுக்கு அதன் காரணத்தை விளக்க வேண்டியதில்லை. புல்வர்டைஹ் தெருவில், துறைமுகத்து ஆண்களின் வழக்கமான இரண்டு பெயர்களைச் சேர்த்து ஹைன் உண்ட் ஃபீட்டே என்று அழைக்கப்படும் நலவாழ்வு மையத்தில் பெயர் சொல்லாமலே எச்ஐவி சோதனை செய்துகொள்ளலாம். தாக்குதலுக்கோ மிரட்டலுக்கோ ஆளானால், ஹாம்பர்க் காவல்துறையில் தன்பாலீர்ப்பாளர் முதலான பால்புதுமையினருக்கென்றே தொடர்பு அலுவலர்கள் இருக்கிறார்கள். நாற்பது ஆண்டுகளுக்கு முன் கண்ணாடிக்குப் பின்னால் அமர்ந்திருந்த அதே துறை.

ஆண்டுதோறும் ஜூலை இறுதியிலோ ஆகஸ்ட் தொடக்கத்திலோ நடக்கும் கிறிஸ்டோபர் ஸ்ட்ரீட் டே என்ற தன்பாலீர்ப்பாளர் பெருமித ஊர்வலத்துக்கு அண்மை ஆண்டுகளில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்டோர் வருவதாக அமைப்பாளர்கள் கணக்குச் சொல்கிறார்கள். அது லாங்கே ரைஹே வழியாக நடந்து, ஆல்ஸ்டர் ஏரிக்கரையில், மதிலுக்கு உட்பட்ட பழைய நகரத்தின் மிகச் செல்வச் செழிப்பான யுங்ஃபெர்ன்ஷ்டீக் தெருவில் முடிகிறது. அந்த வாரத்தில் அறை வேண்டுவோர் பல மாதங்களுக்கு முன்பே பதிவுசெய்ய வேண்டும்.

மற்ற வாரங்களில் வருபவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமை இருக்கிறது. கோடைக்காலத்தில் காலை ஐந்து மணிக்கும் குளிர்காலத்தில் ஏழு மணிக்கும் எல்பே ஆற்றங்கரையில் மீன் சந்தை கூடுகிறது. 1703 முதல் நடந்துவரும் சந்தை அது. இரவெல்லாம் ஆடிவிட்டுச் சரிவில் இறங்கி வருபவர்களும், தூக்கம் கலைந்து கூடையோடு மீன் வாங்க வந்த முதியவர்களும் ஒரே கடையின் முன் வரிசையில் நிற்பார்கள். முகப்பூச்சு கலையாமல் நிற்கும் ஆண்களின் கையிலும் அவர்கள் கையிலும் ஒரே மாதிரி ரொட்டி, நடுவில் மீன். ஒன்பதரை மணிக்குச் சந்தை முடிகிறது.